சாய்வும் பிளவும்: கோபுரங்களின் கடைக்கால் பற்றிய ஓர் ஆய்வு

மயிலையின் கிழக்கே, சாந்தோமை அடுத்த நொச்சிக்குப்பத்துக் கடற்கரையில் நின்று நோக்குவார்க்கு முதற்கண் தோன்றுவது 1977 முதல் ஒளிவீசும் கலங்கரை விளக்கமாகும். மூன்று பக்கங்கொண்ட இக்கட்டடம் கடல்மணற் பரப்பை ஒட்டி எழுந்தும் நேரே நிற்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் 1844-இல் அமைந்த பழைய விளக்குத் தூணும் அவ்வாறே. மணல்வீட்டை நிலையாமைக்கு உவமையாக்குதல் நம் வழக்கு. எனின் இவை நிற்பது எங்ஙனம்?

உவமை கட்டடக் கலைக்கு முழுதும் பொருந்தாமையே விடை. செறிந்து படிந்த மணல், பாரம் ஏறிய அளவிலேயே தாழவேண்டிய மட்டும் தாழ்ந்து அமைந்துவிடும். நீர் அரித்தாலன்றி அதனால் பெருங்கேடில்லை. களிமண்ணோ தன்னுள் நிற்கும் நீர் மெல்ல வடிய வடியப் பல்லாண்டு தாழ்ந்துகொண்டே போகும். ஒருபுறம் மிகுந்தும் மறுபுறம் குறைந்தும் தாழுமிடத்துக் கட்டடம் சாய்கிறது.

இத்தாலி நாட்டுப் பைசா நகரத்துக் கோபுரம் இதற்குத் தக்க சான்று. 1173-இல் தொடங்கிய பணி சில தளங்களோடு நின்று, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே தொடர்ந்தது. போரும் பிறவும் விளைத்த அவ்விடையீட்டில் அடியிலிருந்த களிமண் இறுகியது. இடைவிடாது கட்டியிருப்பின் கோபுரம் அன்றே வீழ்ந்திருக்கும் என்பர் மண்ணியல் வல்லுநர். பின்வந்த கொத்தர் சாய்வை ஈடுசெய்யக் கருதி, தாழ்ந்த பக்கத்தை உயர்த்திக் கட்டினர். ஆதலின் அது சாய்ந்ததோடு வளைந்தும் உள்ளது. 1990-இல் கோபுரம் மூடப்பட்டபோது சாய்வு ஏறத்தாழ 5.5 பாகை. உயர்ந்திருந்த வடபுறத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாக அகழ்ந்தெடுத்து 4 பாகையளவாகக் குறைத்து, 2001-இல் மீண்டும் திறந்தனர்.

காசியில் மணிகர்ணிகைப் படித்துறையருகே சாய்ந்து நிற்கும் இரத்தினேசுவரர் கோயிலுக்கு வழங்கும் காரணம் வேறு. தாய்க்குப் பட்ட கடனைத் தீர்த்தேன் எனத் தருக்கிய மகனுக்குத் தாய் இட்ட சாபமாம். கதை இனியதே, ஆயினும் கங்கைக்கரை மண் அக்கதையைக் கேட்டதில்லை.

இனி நம் கோபுரங்களை நோக்குவாம். அடியகன்று மேற்செல்லச் சுருங்கும் அமைப்பால் இவை எளிதிற் சாயா. எனினும் வேறோர் இடர் உண்டு. வாயில் நடுவே செல்வதால், மேலுள்ள செங்கற் சுதைப் பாரம் முழுதும் இருமருங்கிலும் உள்ள இரு கற்றிரள்களின்மேல் இறங்குகிறது. அவற்றுள் ஒன்று சிறிது மிகத் தாழினும், இழுவிசை தாங்காத செங்கற்சுவர் சாய்தற்கு முன்னே பிளந்துவிடும். பைசாவில் சாய்வு செய்யும் எச்சரிக்கையை நம் நாட்டில் விரிசல் செய்கிறது என்பது எம் துணிபு.

தேவாரப் பாடல் பெற்ற திருக்காளத்தியில் நேர்ந்தது இதுவே. கிருட்டிணதேவராயர் 1516-இல் எடுப்பித்த ஏழுநிலைக் கோபுரத்தில் மேலிருந்து கீழாக ஓடிய பிளவு விரிந்து, 2010 மே 26-ஆம் நாள் இரவு அது முற்றும் சரிந்தது. ஏறத்தாழ ஐந்நூறாண்டு நின்ற ஒன்று மண்மேடாயிற்று. அவ்விடத்துப் பின்னர் எழுந்தது புதுக்கோபுரம். இராயர் காலத்துச் செங்கல்லும் சுதையும் மீளா.

திருப்பணி செய்வார் விரிசலைச் சுதையால் அடைத்து வண்ணம் தீட்டுவதை நாம் பலவிடத்தும் காண்கிறோம். அடைத்தபின் அது பழையதோ புதியதோ, வளர்கின்றதோ நின்றதோ அறிய வழியில்லை. கல்வெட்டை அழிப்பதற்கு இது சிறிதும் குறைந்ததன்று. பிளவின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சுண்ணத்தில் பதித்து நாள் குறித்து வைத்தல் செலவில்லா முறை. சுவர் அசையின் கண்ணாடி உடையும். நொச்சிக்குப்பத்தினின்று நடந்தே சென்றடையத்தக்க மயிலைக் கபாலீசுவரர் கோயிற் கீழைக் கோபுரம், 1906-இல் எழுந்தது, 120 அடி உயரமுடையது. அதன் இருமருங்குத் தளமட்டங்களையும் அளந்து, குடமுழுக்குதோறும் கோயில் ஏட்டில் ஆண்டுடன் பதிதல் வேண்டும்.