ஏட்டில் காணாதவர்கள்

அர்ச்சுனா நதியின் அணை அமைந்த ஆனைக்குட்டத்தில் ஒருவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய மாலையில், பங்கின் அடக்கப் பதிவேட்டைத் திறந்தேன். பட்டாசு ஆலையில் மருந்து கலந்தே ஆயுளைக் கழித்தவர் அவர். நெடுநாள் இருமி மாண்டார். தொழில், 'கூலி', இறப்பின் காரணம், 'நோய்' என்று எழுதினேன். எழுதியபின் மனம் உறுத்திற்று. நாளை இந்த ஏட்டைப் புரட்டுகிறவர் இவரைப் பற்றி என்ன அறிவார்?

பதிவேடு எளிய பொருளன்று. திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் திருமண ஏட்டைக் கட்டாயமாக்கிற்று. 1614-ஆம் ஆண்டு உரோமைச் சடங்கு நூல் இறந்தோர் ஏட்டையும் வேண்டிற்று. இலண்டன் நகரப் பங்குகளின் எழுத்தர்கள் வாரந்தோறும் தொகுத்த இறப்புப் பட்டியல்களைக் கொண்டே, எந்த நோயால் எத்தனை பேர் மடிகின்றனர் என்று ஜான் கிரான்ட் 1662-இல் ஆராய்ந்தார். மக்களின் உடல்நலத்தை எண்களால் அளக்கும் கலைக்கு அதுவே தொடக்கம்.

நம் நாட்டில் எல்லாச் சாதியினரையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் குடிக்கணக்கு 1931-இல் நிகழ்ந்தது. 1951 முதல் பட்டியல் சாதியினரும் பழங்குடியினருமே தனியே எண்ணப்பட்டனர். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் வரம்புக்குள் 1956-இல் சீக்கியர் முழுமையாகவும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே, குடிக்கணக்கில் அவர்கள் வெறும் 'கிறிஸ்தவர்'. அந்த ஒரே சொல்லுக்குள் தோட்டமுடையவரும் துப்புரவுப் பணியாளரும் ஒன்றாகிவிடுகின்றனர். சேரிக் குழந்தையின் இறப்பும் தாயின் இரத்தச்சோகையும் சராசரிக்குள் மறைந்துபோகின்றன.

ஊர்விட்டு ஊர் வந்து உழைப்போர் நிலை இன்னும் பரிதாபம். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் மாண்ட புலம்பெயர் தொழிலாளர் பற்றிய விவரம் இல்லையென மத்திய அரசு அவ்வாண்டு செப்டம்பரில் மக்களவையில் தெரிவித்தது. கணக்கு இல்லாததால், இழப்பீடு பற்றிய கேள்வியே எழவில்லை என்பதும் அப்பதிலின் பகுதி.

எண்ணுவது பிரிப்பதாகாதா என்பார் உண்டு. அவ்வச்சம் வீணன்று. நெதர்லாந்தில் சமயத்தைக் குறித்த குடிமக்கள் பதிவேடுகள், 1940-களில் யூதரைத் தேடிப் பிடிக்க நாசிகளுக்கு உதவின. ஆயினும் ஏட்டை மூடிவிடுவது பரிகாரமாகாது. பெயரை மறைத்துத் தொகையை மட்டும் வெளியிடுவதே நேரிய வழி.

சாதியையும் எண்ணும் குடிக்கணக்கு 2027-இல் நடைபெறும் என்று அரசு 2025-இல் அறிவித்தது. அதில் நம்மவர் எவ்வாறு எண்ணப்படுவர் என்பது நம் அக்கறையாகட்டும். நூறு ஆடுகளை எண்ணியிருந்த ஆயனுக்கே ஒன்று தவறியது தெரிந்தது.

அன்றிரவே பதிவேட்டின் ஓரத்தில் சேர்த்து எழுதினேன்: 'பட்டாசு ஆலையில் மருந்து கலந்தவர்; நெடுநாள் இருமல்.'