டியூப் லைட் முனை ஏன் கறுக்குது? சிப் ஆலையின் பிளாஸ்மாவைக் கணினியில் பார்ப்பது எப்படி

சித்தியவான் பக்கம் பழைய ஒட்டுக்கடை எதிலாவது உட்கார்ந்து மேலே பாருங்கள். அங்கே இன்னும் டியூப் லைட் எரிந்தால் (இப்போ எல்லாம் எல்இடி ஆயிடுச்சு), அதன் இரண்டு முனைகளும் கறுத்திருக்கும். அது சமையல் புகை இல்லை. விளக்கு எரிய எரிய, முனையில் உள்ள உலோக இழை சூடாகிறது. குழாய்க்குள் இருக்கும் அயனிகளும் அதில் மோதுகின்றன. இழையின் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்து கண்ணாடியில் படிகிறது.

அந்தக் குழாய்க்குள் இருப்பது பிளாஸ்மா. அது திடப்பொருளைத் தொட்டால் இப்படித்தான் எதையாவது பெயர்க்கும், எதையாவது படிய வைக்கும். இதே வேலையைக் கட்டுப்பாட்டோடு செய்துதான் உங்கள் கைப்பேசியில் இருக்கும் சிப்பைச் செதுக்குகிறார்கள்.

பிளாஸ்மா கொதிக்காதா?

சூரியனில் இருப்பது கொதிக்கும். இது வேறு வகை. அழுத்தம் குறைந்த வாயுவில் மின்சாரம் பாய்ச்சினால், எலக்ட்ரான்கள் மட்டும் 10,000 டிகிரிக்கு மேல் போகும். ஆனால் அவை மிக லேசானவை. கனமான வாயு அணுக்களைச் சூடாக்க அவற்றால் முடியாது. அதனால் வாயு கிட்டத்தட்ட அறை வெப்பத்திலேயே இருக்கும். எரியும் டியூப் லைட்டைக் கையால் தொட முடிவது அதனால்தான்.

முக்கியமான வேலை நடப்பது ஓரத்தில். வேகமான எலக்ட்ரான்கள் முதலில் சுவரில் போய் ஒட்டிக்கொள்ள, சுவரை ஒட்டி ஒரு மெல்லிய மின்புலம் உருவாகிறது. அது அயனிகளை இழுத்து, மேற்பரப்பில் நேர் செங்குத்தாக மோத வைக்கிறது. சிப்பில் செதுக்கும் பள்ளங்களின் சுவர் நேராக நிற்பதற்கு இதுதான் காரணம்.

நம்ம பேராக்கில் இது எங்கே?

ஈப்போவில். கார்செம், யூனிசெம் போன்ற சிப் பேக்கேஜிங் நிறுவனங்கள் அங்கேதான் இருக்கின்றன. பேக்கேஜிங் துறையில், மெல்லிய கம்பியைச் சிப்பில் ஒட்டுவதற்கு முன் மேற்பரப்பைப் பிளாஸ்மாவால் சுத்தம் செய்வது வழக்கம். ஆர்கான் அழுக்கை இடித்துத் தள்ளும். ஆக்சிஜன் எண்ணெய்ப் பிசுக்கை எரித்துவிடும், ஆனால் செம்பு, வெள்ளிப் பரப்பைக் கெடுத்தும் விடும்.

அயனியின் வேகமும் முக்கியம். பால்மரம் வெட்டியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: கத்தி மேலாகப் போனால் பால் வராது, ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். இங்கேயும் அதே கதைதான். அயனி மெதுவாக வந்தால் அழுக்கு அசையாது, வேகமாக வந்தால் அடியில் உள்ள அடுக்கு கெடும்.

கணினி எதற்கு?

1979-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் கோபர்ன், விண்டர்ஸ் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலிக்கான்மேல் ஃபுளோரின் தரும் வாயுவை மட்டும் விட்டால் அரிப்பு மெதுவாக நடந்தது. ஆர்கான் அயனிகளை மட்டும் விட்டாலும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்து விட்டபோது வேகம் சுமார் 10 மடங்கு ஆனது! ஒன்றும் ஒன்றும் பத்து. அந்த நேரத்தில் மேற்பரப்பின் அணுக்கள் என்ன செய்கின்றன என்பதை நேரில் பார்ப்பது மிகக் கடினம். அதனால்தான் கணினி மாதிரி தேவைப்படுகிறது.

அடிப்படை யோசனை எளிது. சில ஆயிரம் சிலிக்கான் அணுக்களைக் கணினியில் அடுக்கி, ஓர் ஆர்கான் அயனியை எறிந்து, ஒவ்வொரு அணுவும் எங்கே நகர்கிறது என்று நியூட்டன் விதிப்படி கணக்குப் போட வேண்டும். ஒவ்வோர் அடியும் ஒரு ஃபெம்டோ நொடி, அதாவது நொடியை மில்லியன் பில்லியனாகப் பிரித்தால் ஒரு பங்கு. மோதல் சில ஆயிரம் அடிகளில் முடிந்துவிடும்.

சிக்கல் அடுத்த அயனிக்குக் காத்திருப்பதில். 2 நானோமீட்டர் நீளமும் அகலமும் உள்ள ஒரு துண்டில், ஆலையில் இருப்பது போன்ற அடர்த்தியான பிளாஸ்மாவில்கூட நொடிக்குச் சுமார் 400 அயனிகள்தான் விழும். இரண்டு மோதலுக்கு நடுவே 2.5 மில்லி நொடி இடைவெளி. அதை ஃபெம்டோ நொடியாக நடந்தால் 2.5 ட்ரில்லியன் அடிகள்! அதனால் ஆய்வாளர்கள் இடைவெளியைத் தாண்டி, பரப்பைக் குளிரவைத்து, அடுத்த அயனியை எறிகிறார்கள். இடையில் அணுக்கள் மெதுவாக ஊர்வதும், மூலக்கூறுகள் கழன்று போவதும் கணக்கில் வராமல் போகலாம். அந்த மெதுவான வேலைகளுக்கு மாண்டே கார்லோ என்ற வேறு முறை உண்டு. ஆனால் எது எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்று அதற்கு நாம்தான் சொல்லித் தர வேண்டும். அணுக்களுக்கு இடையிலான விசையை இயந்திரக் கற்றல் மூலம் கணிப்பதில்தான் இப்போது போட்டி.

நமக்கு என்ன?

பேக்கேஜிங்கோடு நிற்காமல் சிப் வடிவமைப்பு, தயாரிப்பு பக்கமும் போக வேண்டும் என்பது 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகத்தின் நோக்கம். 60,000 பொறியாளர்களை உருவாக்குவதும் அதில் அடங்கும். கொடுத்த செய்முறைப்படி இயந்திரத்தை ஓட்ட ஒரு திறமை போதும். வாயுவை மாற்றினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல வேறு திறமை வேண்டும். நம் பிள்ளைகள் இரண்டாவதில் அதிகம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வெற்றிட அறை வாங்கக் காசு வேண்டும், இதைத் தொடங்க வேண்டாம். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் உருவான லாம்ப்ஸ் என்ற மென்பொருள் இலவசம். சிலிக்கான்மேல் ஓர் ஆர்கான் அயனி விழுவதைச் சாதாரண லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாம். முதல் தடவை அணுக்கள் எல்லாம் பெட்டிக்கு வெளியே பறந்துவிட்டால் பயப்படாதீர்கள், நேர அடியைப் பாதியாகக் குறைத்து மறுபடியும் ஓட்டுங்கள்.