அக்கரைக்குக் கட்டிய மூட்டைகள்

சென்ற மாதம் நம் பங்கைச் சேர்ந்த ஓர் இல்லத்திற்குச் செபிக்கச் சென்றிருந்தோம். அவ்வீட்டுப் பேரன் வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் புறப்படுகிறான். கூடத்தின் நடுவே புதிய பயணப் பெட்டி திறந்து கிடந்தது. முப்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாதென்று அதை நிறுத்துப் பார்ப்பதும், ஊறுகாய்ப் புட்டியை எடுப்பதும் மீண்டும் வைப்பதுமாக இருந்தனர். பாட்டியம்மாள் மட்டும் அதில் கலந்துகொள்ளாமல் கட்டிலில் அமர்ந்திருந்தார். அவர் அமர்ந்திருந்த கட்டிலின் அடியில் துருவேறிய தகரப் பெட்டி ஒன்று இருந்தது.

கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வீடு மந்திரிக்கச் செல்லும் குருக்கள் யாவரும் இத்தகைய பெட்டிகளைக் கண்டிருப்பர். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பெட்டிகள் அவை. அரசின் ஏடுகள் இம்மக்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று குறிக்கின்றன. அவர்களுள் மிகப் பலர் அதற்குமுன் இந்நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. காணாத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று அந்நாளில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இவர்களுடைய பாட்டன்மார் போன பயணத்தில் மூட்டை சிறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கங்காணிமாரின் பின்னே, திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து சென்றவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். வழியில் வாந்திபேதிக்கு இரையானோர் பலர். 1869-இல் காப்பிச் செடியை நோய் தாக்கிய பின் தேயிலை வந்தது. ஆள் தேவை மேலும் பெருகிற்று. 1901 முதல் தோட்டத்தின் எண் பொறித்த ஒரு தகர வில்லை ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்டது. அவர்களைப் பொறுத்தவரை அதுவே பயணச்சீட்டு, அதுவே அடையாளம்.

இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே அங்கு இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30-இல் புதுதில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். தோட்டத்து மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. ஒப்பந்தத்தின் மை உலர்வதற்குள், அவ்வாண்டு டிசம்பர் 22 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. இவர்கள் வந்திறங்க வேண்டிய துறைமுகம் அதுதான். பின்னர் தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேசுவரத்துக்கு வரலாயிற்று.

ஒரு குடும்பம் எவ்வாறு ஆயத்தமாயிற்று? முதலில் தாள்கள். கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்துக் கடவுச்சீட்டு வரும். பிறப்புச் சான்று இல்லாதோர் பலர். அவர்களுள் கத்தோலிக்கராய் இருந்தோர்க்குப் பங்கு ஆலயத்தின் திருமுழுக்கு ஏடு கைகொடுத்ததென்று நம் முதியோர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். குருக்கள் திருமுழுக்கு ஏட்டைச் செம்மையாக எழுதுவது எத்துணை இன்றியமையாதது என்பதை இளங்குருக்களுக்கு விளக்க, இதைவிடச் சிறந்த சான்று நமக்குக் கிடைத்ததில்லை.

அடுத்தது பணம். சேமநிதியும் பணிக்கொடையும் கைக்கு வர வேண்டும். ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கலாகாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. மூன்று தலைமுறை உழைப்பை எண்ணினால் அதைப் பெருந்தொகை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் பெட்டி. எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்விக்கு விடை சொன்னவர்கள் பெரும்பாலும் வயதானவர்களே. அவர்களும் தம் பெற்றோர் சொன்னதைத்தான் அறிவார்கள். “நம்ம ஊரு வெயில் ஊரு, மானாவாரிப் பூமி” என்று அவர்கள் கேட்டு வளர்ந்திருந்தனர். ஆகவே பித்தளைக் குடமும் அண்டாவும் எடுத்துக் கட்டப்பட்டன. கல்யாணச் சேலைகள் மடிக்கப்பட்டன. கம்பளியோ அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கப்பட்டது. நாம் செபிக்கச் சென்ற வீட்டுப் பாட்டியம்மாளும் அப்படியே செய்தவர். “ரெண்டு கருப்புக் கம்பளியையும் பக்கத்துக் காம்பராக்காரிக்குக் குடுத்துட்டு வந்தேன், சாமி. இங்க வந்து இறங்குனா அட்டன் குளிருக்கு அப்பனா இருக்கு” என்றார். ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கும் கோத்தகிரிக்குத் தாம் வருவோம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? தாயகம் திரும்புவோருக்கென்றே தமிழக அரசு 1968-இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. பின்னாளில் அதுவே டான்டீ நிறுவனம் ஆயிற்று. எந்த மலையில் எந்தத் தோட்டம் என்பதைப் பலர் கடல் கடந்த பின்னரே அறிந்தனர்.

பெட்டியில் வைக்க முடியாதவையும் இருந்தன. ஒப்பந்தம் மக்களை எண்ணிக்கையால் பிரித்தது. விண்ணப்பங்களோ ஒரே வீட்டிலிருந்து இரு திசைகளில் சென்றிருந்தன. இப்பாட்டியம்மாளின் மூத்த அண்ணன் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தவர். அவர் அங்கேயே தங்கிவிட்டார். அம்மிக்கல் கனம் என்று அவரிடமே விடப்பட்டது. தாயின் கல்லறையும் அங்கே. எகிப்தைவிட்டுப் புறப்பட்டபோது மோசே யோசேப்பின் எலும்புகளைத் தம்முடன் எடுத்துச் சென்றார் என விடுதலைப் பயண நூல் கூறுகிறது. இம்மக்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

1970-களின் தொடக்கத்தில் தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடியது. பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. தோட்டங்கள் அரசுடைமையானபோது வேலையும் வீடும் இழந்தோர் உண்டு. அவர்களுக்கு மூட்டை கட்ட நாள் பார்க்கும் நிலை இல்லை. பெட்டியில் வைக்கவும் அதிகம் இருந்திராது.

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற இரயிலை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தனர். நிலையந்தோறும் வழியனுப்ப வந்தோர் பெட்டிகளைப் பற்றிக்கொண்டு அழுவர். வண்டி நகர்ந்த பின்னும் அழுகை ஓயாது. அநுராதபுரம், மதவாச்சி கடந்து மடு வீதி நிலையம் வரும். மருதமடு மாதாவின் திருத்தலத்துக்கு இறங்கும் இடம் அது. தோட்டத்துக் கத்தோலிக்கர் ஆண்டுதோறும் திருவிழாவுக்கு வந்து இறங்கிய நிலையத்தை, அன்று சன்னல் வழியே பார்த்துச் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டதாகப் பாட்டியம்மாள் கூறினார். அதன்பின் தலைமன்னாரில் சுங்கச் சோதனை, ‘இராமானுஜம்’ கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம். முந்தைய தலைமுறையினரை இலங்கைக்கு அனுப்புமுன் நோய்த்தடுப்புக்காக வைத்திருந்ததும் அதே மண்டபத்தில்தான். 1984-இல் உள்நாட்டுப் போரால் கப்பல் நின்றுபோகும்வரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்து சேர்ந்தனர்.

சுங்கச் சோதனைக்கு உட்படாமல் வந்த பொருள் மொழி ஒன்றே. ரொட்டியைப் ‘பாண்’ என்றும் இரயிலைக் ‘கோச்சி’ என்றும் கேட்டபோது இங்குள்ள கடைக்காரர்கள் சிரித்தனராம். ‘சிலோன்காரர்’ என்ற பெயர் அன்று ஒட்டிக்கொண்டது. இன்னும் முழுதும் உதிரவில்லை. இந்தியர் என்று அங்கிருந்து அனுப்பப்பட்டவர்கள், இங்கே சிலோன்காரர் ஆனார்கள்.

இப்பெட்டிகள் இப்போது பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. புதுவீடு கட்டுவோர் முதலில் அகற்றுவது இவற்றைத்தான். ஆயினும் உள்ளிருக்கும் தாள்களை மட்டும் எறிந்துவிட வேண்டாமென்று ஞாயிறுதோறும் நாம் சொல்லி வருகிறோம். சாதிச் சான்றோ, வேறு சலுகையோ கேட்டுச் செல்லும் பேரப்பிள்ளைகளிடம் இன்றும் அந்தக் குடும்ப அட்டையைக் கேட்கும் அலுவலகங்கள் உண்டு. மேலும், இம்மக்களின் வரலாறு எந்த நூலகத்திலும் முழுமையாக இல்லை. பெரும்பகுதி கட்டிலடியில்தான் இருக்கிறது.

அன்று செபம் முடிந்ததும் பாட்டியம்மாள் தகரப் பெட்டியை இழுக்கச் சொன்னார். மேலே ஒரு செபமாலை. அடியில் பழுப்பேறிய கடவுச்சீட்டு. புறப்படுமுன் அட்டனில் எடுத்த புகைப்படம். அதில் அண்ணனும் நிற்கிறார். எல்லாவற்றையும் பார்த்தபின் பேரனின் பெட்டிப்பக்கம் திரும்பி, ஊறுகாயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், “தாளுக்கெல்லாம் ரெண்டு நகல் எடுத்தியாடா?” என்று கேட்டார். அவன் எடுக்கவில்லை. கடை அடைப்பதற்குள் எடுத்து வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி ஓடினான்.