மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை

உடல்வாகுக்கு மிஞ்சிப் பெருத்த மார்பகத்திலிருந்து பால் சுரப்பித் திசு, கொழுப்பு, தோல் ஆகியவற்றில் ஒரு பகுதியை அகற்றி, மீந்ததற்கு வடிவம் கொடுத்து, முலைக்காம்பை உரிய இடத்துக்கு உயர்த்தும் சிகிச்சை மார்பகக் குறைப்பு எனப்படுகிறது. இந்தப் பெருக்கத்துக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் மாக்ரோமாஸ்டியா. மிகக் கடுமையான நிலை ஜைகாண்டோமாஸ்டியா. எத்தனை கிராமைத் தாண்டினால் எந்தப் பெயர் என்பதில் எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு கிடையாது. ஆனாலும் இந்தச் சிகிச்சை யாருக்குத் தேவை, யாருக்கு வெறும் ஆசை என்று முடிவு செய்யும் வேலை நெடுங்காலமாகத் தராசிடம்தான் விடப்பட்டிருக்கிறது. இத்தனை கிராம் அகற்ற வேண்டியிருந்தால் நோய், அதற்குக் கீழே என்றால் அழகுக்கலை என்பதே காப்பீட்டு நிறுவனங்களும் சில அரசுகளும் பிடித்துக்கொண்ட கணக்கு. அந்தக் கணக்குக்கு ஆதாரம் சொற்பம். பெண் படும் தொல்லையையே அளவுகோலாகக் கொள்வதற்கோ ஆதாரம் வலுவாக இருக்கிறது.

பெரும்பாலோருக்கு மார்பகம் பெருத்ததற்குத் தனிக் காரணம் எதுவும் தென்படுவதில்லை. இரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவு இயல்பாகவே இருக்கும். அந்த ஹார்மோனுக்குத் திசு மிகையாக எதிர்வினை காட்டுகிறது என்று கருதப்படுகிறது. பரம்பரைக்கும் உடல் எடைக்கும் இதில் பங்குண்டு. சில பெண்களுக்குப் பூப்பெய்திய சில மாதங்களிலேயே கட்டுக்கடங்காமல் வளர்ந்துவிடும். மிக அரிதாகக் கர்ப்ப காலத்திலோ, பெனிசிலமைன் போன்ற மருந்துகளாலோ இது நேர்வதுண்டு. காரணம் எதுவானாலும் தொல்லை ஒன்றுதான்: முதுகெலும்புக்கு முன்னால் ஓயாமல் தொங்கும் பாரம். அதை ஈடுகட்டக் கழுத்து, தோள்பட்டை, மேல்முதுகுத் தசைகள் விழித்திருக்கும் நேரமெல்லாம் இறுகியே இருக்கின்றன. பிராவின் பட்டி தோளில் பள்ளம் பதிக்கிறது. சிலருக்குக் கைவிரல்கள் மரத்துப்போகின்றன. மார்பகத்தின் அடிமடிப்பில் வியர்வை தேங்கிப் புண்ணும் பூஞ்சைத் தொற்றும் மாறிமாறி வரும். நம் ஊர் வெயிலில் இது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஓடவும் முடியாது, குப்புறப் படுக்கவும் முடியாது. பிறர் பார்வைக்கு அஞ்சிக் கூனிக்கொள்வதும், துப்பட்டாவை விலக்காமலே இருப்பதும், விளையாட்டை விட்டுவிடுவதும் எக்ஸ்ரேயில் தெரியாத பாதிப்புகள்.

அறுவையின் வரலாறு நீளமானது. இங்கே சுருக்கமாகப் போதும். சிகாகோவின் மேக்ஸ் தோரெக் 1922இல் முலைக்காம்பைத் தனியே எடுத்து மீண்டும் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தார். 1956இல் ராபர்ட் வைஸ் வகுத்த வெட்டு வரைபடம் இன்றும் புழக்கத்தில் உள்ளது. அது நங்கூர வடிவத் தழும்பை விட்டுச் செல்லும். 1999இல் கனடாவின் எலிசபெத் ஹால் ஃபிண்ட்லே விவரித்த செங்குத்து முறையில் தழும்பு குறைவு. இன்றைய முறைகள் பலவற்றுக்கும் பொதுவான கோட்பாடு, முலைக்காம்பை இரத்த ஓட்டமும் நரம்பும் உள்ள ஒரு திசுத் தண்டோடு சேர்த்தே நகர்த்துவதாகும். முழு மயக்க மருந்து கொடுத்துச் சில மணி நேரத்தில் முடியும் இந்த அறுவைக்குப் பின் சில வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது. தழும்பு மங்க ஓராண்டு வரை ஆகலாம். அகற்றிய திசுவை நோய்க்குறியியல் ஆய்வுக்கு அனுப்புவது வழக்கம். எப்போதாவது அதில் யாரும் எதிர்பாராத புற்று தென்படுவதும் உண்டு.

இனி தராசின் கதை. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் பல, ஒரு பக்கத்துக்கு 500 கிராமாவது அகற்றினால்தான் பணம் என்று விதி வைத்திருந்தன. உயரமான பெண்ணுக்கும் குள்ளமான பெண்ணுக்கும் ஒரே எடை எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு விடையாக, 1991இல் பால் ஷ்னூர் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் ஒரு அட்டவணை வெளியிட்டார். உடல் பரப்பளவு 1.5 சதுர மீட்டர் என்றால், அதாவது ஏறக்குறைய 155 செ.மீ. உயரமும் 52 கிலோ எடையும் உள்ளவருக்கு, ஒரு பக்கத்துக்கு 260 கிராம். 2 சதுர மீட்டர் உள்ளவருக்கு 628 கிராம். 500 கிராம் விதியைவிட இது நியாயமானதே. ஆனால் அட்டவணை உருவான விதத்தைப் பார்க்க வேண்டும். யாருக்கு எவ்வளவு அகற்றினீர்கள், அவர் மருத்துவக் காரணத்துக்காக வந்தாரா, தோற்றத்துக்காக வந்தாரா என்று ஷ்னூர் கேட்டது சர்ஜன்களிடம். அறுவைக்குப் பின் வலி தீர்ந்ததா என்று பெண்களிடம் கேட்டுப் பிறந்த எண்கள் அல்ல இவை. பின்னாளில் அவரே அந்த அட்டவணையை மறுபரிசீலனை செய்து எழுத வேண்டிவந்தது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையோ 2018இல் வெளியிட்ட விதிகளில் பழைய எண்ணுக்கே திரும்பியது: ஒரு பக்கத்துக்கு 500 கிராம் அல்லது நான்கு கப் அளவு குறைய வேண்டும், உடல் நிறை குறியெண் 27க்குக் கீழே ஓராண்டாக நிலையாக இருக்க வேண்டும். மேலே சொன்ன 52 கிலோப் பெண் எடைக் கணக்கில் அங்கே தகுதி பெற, ஷ்னூர் சொன்னதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு அகற்ற வேண்டும். இந்த விதியால் இன்னொரு கேடும் உண்டு. தகுதி கிடைக்க வேண்டுமே என்பதற்காகப் பெண் விரும்பாத அளவுக்கு வெட்டும் தூண்டுதலை அது மருத்துவருக்கு உண்டாக்குகிறது.

எடைக்கும் நிவாரணத்துக்கும் உண்மையில் தொடர்பு இருக்கிறதா? இதைத் தேடிய முக்கியமான ஆய்வு, அமெரிக்காவில் கரோலின் கெரிகனும் டேல் காலின்ஸும் சக ஆய்வாளர்களும் நடத்தி 2001, 2002ஆம் ஆண்டுகளில் பல கட்டுரைகளாக வெளியிட்டது. பெண்களின் வலியையும் வாழ்க்கைத் தரத்தையும் அறுவைக்கு முன்னும் பின்னும் வினாத்தாள்களால் அளந்தார்கள். நிவாரணம் அகற்றிய எடையைப் பொறுத்து அமையவில்லை. குறைவாக அகற்றப்பட்டவர்களும் தேறினார்கள். எடைக் குறைப்பு, பிசியோதெரபி, தனிவகை பிரா ஆகியவை நிரந்தரத் தீர்வு தரவில்லை. அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் 2022இல் திருத்திய வழிகாட்டியும் இதே பக்கம் வந்து சேர்ந்தது: பல தொல்லைகளோடு வரும் பெண்ணுக்கு, எவ்வளவு எடை அகற்றப்படும் என்று பாராமல், அறுவையை முதல்நிலைச் சிகிச்சையாகவே முன்வைக்கலாம். அறுவை செய்வோரின் சங்கம் அறுவையைப் பரிந்துரைப்பதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம்தான். போலி அறுவை செய்து ஒப்பிட இந்தத் துறையில் வழியில்லை என்பதும் உண்மை. ஆனால் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு வினாத்தாள்களால் அளந்த முடிவுகள் ஒரே திசையைக் காட்டும்போது, நம்பிக்கையால் வந்த ஆறுதல் என்று அதை ஒதுக்குவது கடினம்.

முதலில் உடல் எடையைக் குறை என்பது எங்கும் கேட்கும் அறிவுரை. பாதி உண்மை அது. கொழுப்பு மிகுந்த மார்பகம் எடையோடு சேர்ந்து ஓரளவு குறையும். சுரப்பித் திசு மிகுந்தது, அதிலும் இளம்பெண்களுக்கு, அவ்வளவாகக் குறையாது. உடல் பருமன், நீரிழிவு, புகைப்பழக்கம் மூன்றும் புண் ஆறுவதைத் தாமதமாக்கும் என்பதால் அவற்றைச் சீராக்கச் சொல்வது சரியே. குனியவும் ஓடவும் விடாத பாரத்தைச் சுமப்பவரிடம், உடற்பயிற்சி செய்துவிட்டு வா, பிறகு பாரத்தை இறக்குகிறேன் என்பதுதான் சரியில்லை. பிரா விஷயமும் அப்படியே. பலர் பின்பட்டை தளர்ந்து, கப் சிறுத்த பிராவை அணிகிறார்கள். பின்பட்டை தாங்க வேண்டிய எடை தோள்பட்டிக்குப் போய்விடுகிறது. சரியான அளவு கிடைத்தால் சிலருக்கு அதுவே போதும். நம் கடைகளில் பெரிய கப் அளவுகளைத் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்த யோசனையின் எல்லையும் தெரியும்.

அரசுப் பணத்தில் அழகுச் சிகிச்சையா என்பது அடுத்த ஆட்சேபம். 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவைகளை இலவசமாகச் செய்யும் பிரிவு தொடங்கப்பட்டபோது இதே விவாதம் எழுந்தது. பெருக்குவதையும் குறைப்பதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசியதால் வந்த குழப்பம் அது. ருமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் முதுகுவலியும் ஆட்டத்தில் தடையும் தாங்காமல் 2009இல், 17 வயதில், இந்த அறுவையைச் செய்துகொண்டார். 2018இல் பிரெஞ்சு ஓப்பனையும் 2019இல் விம்பிள்டனையும் வென்றார். வெற்றிக்கு அறுவைதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தோற்றத்துக்காகச் செய்துகொண்டார் என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. வரிசை நீண்டுவிடும் என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. 2009இல் ஆண்ட்ரியா பூசிக் குழுவினர் உருவாக்கிய பிரெஸ்ட்-கியூ வினாத்தாள், வலியையும் அன்றாட முடக்கத்தையும் எண்ணாக்கித் தருகிறது. வரிசைப்படுத்தத்தான் வேண்டும் என்றால் அதைக்கொண்டு வரிசைப்படுத்தலாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அறுவையின் விலையை மறைக்கக் கூடாது. தழும்பு நிச்சயம், நம் நிறத் தோலில் அது தடித்துக் கெலாய்டாக மாறும் வாய்ப்பும் கூடுதல். தையல்கள் சந்திக்கும் அடிப்பகுதியில் புண் பிரிவது அடிக்கடி நேரும், பெரும்பாலும் தானே ஆறும். முலைக்காம்பின் உணர்ச்சி குறையலாம். அரிதாக இரத்த ஓட்டம் தடைபட்டு முலைக்காம்பே அழியலாம். தாய்ப்பால் பற்றிய அச்சத்துக்குத் தெளிவான பதில் உண்டு. கனடா ஆய்வாளர்கள் 2017இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, முலைக்காம்புக்குக் கீழுள்ள சுரப்பித் தண்டை முற்றாக விட்டுவைத்த முறைகளில் தாய்ப்பால் கொடுப்பது பெரும்பாலும் கைகூடியது; தண்டை விட்டுவைக்காத முறைகளில் பெரும்பாலும் கைகூடவில்லை. ஆகவே பிள்ளை பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மணமாகாத பெண்ணை ஆண்டுக்கணக்கில் காக்கவைப்பதைவிட, எந்த முறையில் செய்யப்போகிறீர்கள் என்று சர்ஜனிடம் கேட்பது பயன் தரும். வளர்இளம் பருவத்தினருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: மார்பக வளர்ச்சி நின்றுவிட்டதை உறுதிசெய்யாவிட்டால் மீண்டும் பெருக இடமுண்டு.

இந்தியாவில் தனியார் காப்பீட்டின் பொது விலக்குப் பட்டியலில் அழகுச் சிகிச்சையும் பிளாஸ்டிக் சர்ஜரியும் அடங்கும். விபத்து, தீப்புண், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு ஆகியவற்றோடு, உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க அவசியம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளிப்பவற்றுக்கு மட்டுமே விதிவிலக்கு. பத்தாண்டுக் கழுத்துவலி இந்த வரையறைக்குள் எளிதில் நுழையாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தொல்லை தரும் மார்பகப் பெருக்கத்தைத் தனியாகப் பெயர் சொல்லி விதிவிலக்கில் சேர்க்க வேண்டும். அது நடக்கும்வரை, அறுவைக்குத் தேதி குறிக்கும் முன்பே வலி, தோல் புண், இதுவரை எடுத்த சிகிச்சைகள் ஆகிய மூன்றையும் ஆண்டு வாரியாகக் குறிப்பிட்ட மருத்துவர் கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, எழுத்துமூலமான பதிலை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.