தெற்குப் புதுத் தெருவில் ஏடு தேடியவர்

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த கையோடு, கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைத் தேடத் தொடங்கினார். அந்தத் தேடல் அவரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தது. கையில் வரைபடம் ஏதும் இல்லை. எந்த ஊரில் எந்தக் கவிராயர் வீட்டில் பழைய ஏடு கிடக்கும் என்று பெரியவர்கள் சொன்ன வாய்ச்சொல்தான் துப்பு. அதை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக, வீடு வீடாகப் போனார்.

துப்பை வைத்துக்கொண்டு கால்நடையாகத் தேடுவது இன்று உலகம் முழுக்கப் பரவிய விளையாட்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு நிலத்தில் 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு புட்டியை வைத்தார். அந்த இடம்வரை நடந்து வருகிறவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதற்குள் போட்டுவிட்டுப் போனார்கள். 2000 மே 2ஆம் தேதி அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்து, அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் ஒரு நோட்டும் பென்சிலும் சில சாமான்களும் இருந்தன. கண்டுபிடித்தவர் நோட்டில் எழுத வேண்டும். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை வைக்க வேண்டும். இதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர் வந்தது அதே மே மாதக் கடைசியில்.

அந்த விளையாட்டில், ஒளித்து வைத்தவரே இடத்தையும் சொல்லிவிடுகிறார். சாமிநாதையர் தேடிய ஏடுகளை எழுதி வைத்தவர்களோ என்றைக்கோ போய்ச் சேர்ந்திருந்தார்கள். பேரப்பிள்ளைகள் பலருக்குத் தங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. தாமிரபரணிக் கரையில் கவிராயர் குடும்பங்களுக்குக் குறைவில்லை. தேரிக்காட்டுப் பனைகளால் ஓலைக்கும் குறைவில்லை. எழுதி எழுதிச் சேர்த்த சீமை இது. சேர்த்ததைப் படிக்கும் பழக்கம்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அற்றுக்கொண்டிருந்தது.

திருநெல்வேலி டவுணில், தெற்குப் புதுத் தெருவில் கவிராஜ ஈசுவரமூர்த்திப் பிள்ளையின் வீடு இதற்கு விதிவிலக்கு. அங்கே சுவடிகள் துடைத்து, கட்டி, வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பழைய தமிழ்ச் சங்கத்திலும் இப்படித்தான் வைத்திருந்திருப்பார்களோ என்று தமக்குத் தோன்றியதாகச் சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுதுகிறார். எத்தனையோ ஊர்களில் குப்பையோடு குப்பையாகக் கிடந்த ஏடுகளைப் பார்த்து நொந்த மனிதருக்கு அந்த அடுக்கு எப்பேர்ப்பட்ட ஆறுதலாக இருந்திருக்கும்!

சுவடிக்கட்டு கையில் வந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. முதல் ஓலை முறிந்திருந்தால் நூலின் பெயர் போய்விடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பது படிப்பவர் ஊகம். எழுத்தாணிக் கீறல் மங்கியிருந்தால் மை தடவித் துடைத்த பிறகே எழுத்து கண்ணுக்குத் தெரியும். பூச்சி அரித்த துளை ஒரு சீரையே விழுங்கியிருக்கும். பழைய உரைகாரர்கள் எங்கோ மேற்கோள் காட்டிய ஓர் அடியை நினைவில் வைத்திருந்து, அது ஓலையில் தென்படும்போது இன்ன நூல் என்று அடையாளம் காண வேண்டும். அப்படி நினைவில் நிறுத்திய அடிகள்தாம் அவருடைய அட்சரேகை, தீர்க்கரேகை.

டவுணிலிருந்து ஆற்றோட்டத்தின் திசையிலேயே கிழக்கே போனால் ஆழ்வார்திருநகரி. அங்கே லட்சுமண கவிராயர் வீட்டில் தேடியும் பத்துப்பாட்டு அகப்படவில்லை. குடும்பத்து ஏடுகளில் ஒரு பகுதி உறவினரான தேவர்பிரான் கவிராயர் வீட்டுக்குப் போயிருந்தது. அன்று இரவு ஊரில் கருட சேவை. வீதியில் பெருமாள் எழுந்தருளியிருக்க, சாமிநாதையர் மனம் முழுக்க ஏட்டுக் கவலை. அந்த நேரத்தில் லட்சுமண கவிராயர் உறவினர் வீட்டிலிருந்து ஒரு சுவடியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். நிலா வெளிச்சத்தில் பிரித்தபோது முதலில் கண்ணில் பட்ட பெயர், பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டு. 1889இல் பத்துப்பாட்டு அச்சேறியது.

எல்லாத் தேடலும் இப்படி முடியவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணராம பாண்டியன் சேர்த்த சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். அந்தப் பழைய ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் ஆகுதி செய்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆடிப் பதினெட்டன்று நீரில் விடப்பட்ட சுவடிகளின் கதையையும் அவர் கேட்டிருக்கிறார். எரித்தவர்களும் நீரில் விட்டவர்களும் ஏட்டை வெறுத்தவர்கள் அல்லர். சடங்கென்று நம்பி, மரியாதையோடுதான் செய்தார்கள். எந்த நூல் போயிற்று என்று பெயர் சொல்லி அழக்கூட இன்று வழியில்லை.

கிடைத்ததற்குக் கணக்கு வைப்பதில் சாமிநாதையர் தவறவில்லை. ஏடு கொடுத்தவர்களின் ஊரையும் பெயரையும் தம் பதிப்புகளின் முன்னுரைகளில் குறித்தார். பரணைத் திறந்துவிட்ட கவிராயர்களுக்கும் பதிப்பில் பங்குண்டு என்பது அந்தப் பட்டியல்களால்தான் நமக்குத் தெரிகிறது. நூலின் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காதவரும் அந்தப் பகுதியை ஒருமுறை படிக்க வேண்டும்.

இன்று போனில் புள்ளி வைத்துக்கொண்டு வாகையடி முக்கிலிருந்து தெற்குப் புதுத் தெருவுக்கு யாரும் நடந்து போய்விடலாம். ஏடு தேடும் வேலையும் நிற்கவில்லை. அறநிலையத் துறைக் கோயில்களில் சுவடிகளைத் திரட்டிப் பராமரிக்கும் திட்டத்துக்காக அண்மை ஆண்டுகளில் ஒரு குழு டவுணுக்கு வந்தது. ரத வீதிகளுக்கு நடுவே, நெல்லையப்பர் கோயிலுக்குள்ளேயே, ஓலைச் சுவடிகளும் செப்பேடுகளும் அவர்களுக்கு அகப்பட்டன.