ஆலாவும் கப்பலும்

ஆலையடிவேம்பிலிருந்து அக்கரைப்பற்றுக் கடற்கரைக்கு அதிக தூரமில்லை. கரைவலைக் காலத்தில் விடியற்காலையில் அங்கே சென்றால், கையைக் கண்ணுக்கு மேல் குடையாகப் பிடித்துக் கடலை நோக்கி நிற்கும் முதியவர் ஒருவரைக் காணலாம். அவர் தேடுவது ஆலாப் பறவைகளை. ஆலாக்கள் ஓரிடத்தில் கூடி, எழுந்தும் விழுந்தும் நீரைக் கொத்தினால் கீழே மீன் உண்டு. இந்த அறிவை எவரும் ஏட்டில் எழுதிவைக்கவில்லை. ஏட்டில் இடம்பெற்றவர்கள் கப்பலில் நின்று பறவை பார்த்தவர்களே.

1875இல் ஏ. ஓ. ஹியூம் என்னும் ஆங்கில அதிகாரி 'கிளைட்' என்ற அரசாங்கக் கப்பலில் இலட்சத்தீவுகளுக்குச் சென்றார். பத்தாண்டுகளின் பின் இந்தியக் காங்கிரஸ் தோன்றுவதற்கு முன்னின்ற அதே ஹியூம்தான். கலங்கரை விளக்கங்களுக்கு இடம் பார்ப்பது பயணத்தின் உத்தியோகக் காரணம். அவர் மனமோ பறவைகளில் இருந்தது. அக்காலத்தில் பறவையை ஆராய்வதென்றால் அதைச் சுட்டுத் தோலுரிப்பது. 1885இல் லண்டன் நூதனசாலைக்கு அவர் அளித்த தோல்களும் முட்டைகளும் ஏறத்தாழ 82,000!

1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்து சமுத்திர ஆய்வில் பல நாடுகளின் ஏறத்தாழ 40 கப்பல்கள் ஈடுபட்டன. அவற்றுள் ஒன்றான 'டிஸ்கவரி' என்னும் பிரித்தானியக் கப்பலில் 1963-64இல் சென்ற ஆர். எஸ். பெய்லி பறவைகளைக் கணக்கெடுத்தார். நம் கீழ்க்கரையில் கச்சான் வீசும் மாதங்கள் கரைவலைக்கு உகந்தவை. அதே தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, அரேபியக் கரைகளில் மேல்நீரை அப்பால் தள்ளிவிடுகிறது. அவ்விடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் உரச்சத்தோடு மேலெழுகிறது. அதில் நுண்ணிய தாவரங்கள் செழிக்கின்றன. அவற்றை உண்ணச் சிற்றுயிர்கள், அவற்றை உண்ண மீன், மீனைத் தேடிப் பறவை. குளிர்நீர் எழும் இடங்களில் பறவைகள் செறிந்திருப்பதைப் பெய்லியின் கணக்குக் காட்டியது. 1968இல் 'ஐபிஸ்' என்ற ஆங்கிலச் சஞ்சிகையில் அது வெளிவந்தது. பறவை கூடுமிடத்தில் மீனுண்டு என்பதே இதன் சாரம் என்றால் விஞ்ஞானிகள் கோபிக்கக்கூடும். அவர்கள் கோபத்திலும் நியாயமுண்டு. 'ஏன்' என்ற கேள்விக்கு நம் முதியவரிடம் விடையில்லை. கப்பல் விடை சொன்னது.

ஆனால் பறவையைப் பார்த்து மீனை அறியும் வித்தை இன்று யார் கையில் இருக்கிறது? 1980களில் ஐரோப்பியப் பெருவலைக் கப்பல்கள் மேற்கு இந்து சமுத்திரத்தில் சூரை பிடிக்கத் தொடங்கின. பறவைக் கூட்டத்தைப் பல மைலுக்கு அப்பாலேயே காட்டிவிடும் ராடர் கருவிகள் இத்தகைய கப்பல்களில் பொருத்தப்படுகின்றன. பெய்லி இதற்குப் பொறுப்பாளியல்லர். எனினும், பறவை காட்டும் மீனை முதலில் அள்ளுபவன் கருவி வாங்க வசதியுள்ளவனே.

இந்த ராடர் கதையை முதியவரிடம் சொன்னேன். அவர் கண்ணைக் கடலிலிருந்து எடுக்கவில்லை.

"சூரை கீழே கிடந்து துரத்தினாத்தானே சின்ன மீன் மேலே வரும், மாஸ்டர்? சூரை முடிஞ்சா ஆலா என்னத்தைக் கொத்தும்?"