தாகம் எங்கிருந்து வருது?

இந்த எபிசோடை ஒரு தண்ணி பாட்டிலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெரியப்பாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். சிறுநீர் கிட்டத்தட்ட நின்னு போச்சு. அதனால குடிக்கிற ஒவ்வொரு லிட்டரும் உடம்புலயே ஒரு கிலோவா தங்கிடும். எடை பார்த்துட்டு நர்ஸ் கேட்பாங்க: "என்னங்கய்யா, மறுபடியும் மூணு கிலோவா?" அவர் தலையைக் குனிஞ்சுக்குவார். வீட்டில் பாட்டிலை ஒளிச்சு வைக்கிற வேலை என்னுடையது. ராத்திரி ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டா நானும் திட்டியிருக்கேன். வாயைக் கட்டத் தெரியாத மனுஷன்னு நினைச்சேன்.

ஆனா இந்தத் தாகத்துக்கு ஒரு வரலாறு இருக்கு.

நெதர்லாந்தில் 1943-ல் வில்லெம் கோல்ஃப் செய்த செயற்கைச் சிறுநீரகம், சிறுநீரகம் தானா தேறி வரும்வரை சில நாள் தாக்குப்பிடிக்க உதவியது. சிறுநீரகமே இல்லாம வருஷக்கணக்கில் வாழ்ற வாழ்க்கை 1960-ல், சியாட்டிலில்தான் தொடங்குச்சு. கிளைட் ஷீல்ட்ஸ் என்பவர் கையில் பெல்டிங் ஸ்க்ரிப்னரோட குழு டெஃப்லான் குழாயைப் பொருத்துச்சு. அவர் அதுக்கப்புறம் 11 வருஷம் வாழ்ந்தார். ஷீல்ட்ஸோட கட்டுக்கடங்காத ரத்த அழுத்தத்தை ஸ்க்ரிப்னர் அடக்கின விதம் முக்கியம்: உப்பைக் குறைச்சு, உடம்பில் தேங்கின நீரை எடுத்து. அந்தக் காலத்து டயாலிசிஸ் நீளமானது. திரவத்தில் சோடியமும் ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவாத்தான் வைப்பாங்க.

1972-ல் அமெரிக்க அரசு செலவை ஏத்துக்கச் சட்டம் போட்டது. நோயாளிகள் பெருகினாங்க, மெஷின்களும் வேகமாச்சு, நேரம் நாலு மணிக்குச் சுருங்குச்சு. நாலு மணி நேரத்தில் மூணு லிட்டரை உறிஞ்சினா ரத்த அழுத்தம் சரியும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். அதைத் தடுக்கத் திரவத்தில் சோடியத்தை ஏத்தினாங்க. உட்கார்ந்திருக்கும்போது வசதிதான். ஆனா உப்பு உடம்பில் தங்கி, வீட்டுக்குப் போனதும் தாகமா கிளம்புச்சு. குடிச்சா எடை கூடும். எடை கூடினா அடுத்த தடவை இன்னும் வேகமா எடுக்கணும். கால் இழுக்கும், மறுபடி உப்பு.

எல்லாரும் அப்படிப் போகலை. பிரான்ஸில் லியோன் பக்கத்தில் தாசேன் என்ற ஊரில் எட்டு மணி நேர டயாலிசிஸையும் உப்புக் குறைந்த சாப்பாட்டையும் விடாம வச்சிருந்தாங்க. அங்கே பெரும்பாலானவங்களுக்கு ரத்த அழுத்த மாத்திரையே தேவைப்படலை.

(வாய் உலர்றது கொஞ்சம் வேற கதை. அது எச்சில் குறையறதால வருது, சில மாத்திரைகளாலும் வரும். அதுக்கு ஐஸ் கட்டி, சூயிங்கம் ஓரளவு உதவும்.)

இப்போ கணக்கைப் பாருங்க. ஒரு லிட்டர் சலைன் பாட்டிலில் 9 கிராம் உப்பு இருக்கு. தலைகீழா யோசிச்சா, 9 கிராம் உப்பு உள்ளே போனா உடம்பு கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி கேட்கும். மன உறுதியால அதை எத்தனை நாள் தள்ளிப்போட முடியும்?

நான் தண்ணி பாட்டிலை ஒளிச்சேன். மாவடு ஜாடி சாப்பாட்டு மேஜை மேலதான் இருந்துச்சு. பெரியப்பா இப்போ இல்லை.

உங்க வீட்டில் யாராவது டயாலிசிஸ் போறாங்கன்னா, அடுத்த தடவை டாக்டர்கிட்ட ஒண்ணு கேளுங்க: திரவத்தில் சோடியம் எவ்வளவு வச்சிருக்கீங்க?